ஏழு படங்களில் ஒரே ஒரு காது

அந்தத் தெருவில் ஸ்டுடியோக்காரரை யாரும் ஸ்டுடியோக்காரர் என்று சொல்வதில்லை. ஆறுவிரல் என்றுதான் சொல்வார்கள். அவருடைய கைகளில் எல்லாருக்கும் இருப்பதுபோல ஐந்தைந்து விரல்தான். பழி முழுக்க அவருடைய கம்ப்யூட்டரைச் சேர்ந்தது. சொன்னதைப் படமாக வரைந்து தரும் மென்பொருள் வந்த புதிதில், கடை வாசலுக்கு அழகாக இருக்கட்டுமே என்று ஒரு புதுமணத் தம்பதியை அதனிடம் வரையச் சொல்லி, ஆள் உயரத்துக்கு அச்சடித்து மாட்டினார். நாலு மாதம் அது அங்கே இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பெண் லட்சணம் என்றார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி ஒருத்தி, கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நின்றவள், "அங்கிள், இந்த அக்காவுக்கு ஆறு விரல்" என்றாள். படத்தை அன்றே கழற்றிவிட்டார். பெயர் மட்டும் கழலவில்லை.

அவர் மனைவியும் விட்டுவைப்பதில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவை நீட்டும்போதே, "விரலை எண்ணிட்டு வேலையை ஆரம்பிங்க" என்பாள்.

அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. "நாலு மாசம் நானும்தான் பார்த்தேன். அழகா இருந்தா கண்ணு எண்ணாது போல" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அந்த வார்த்தையை அவரே கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாம்.

எதிர் வரிசையில், மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில் தையல்கார அக்கா கடை வைத்திருந்தாள். பள்ளிச் சீருடை, மருத்துவமனைத் திரைச்சீலை, ஓட்டல் தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். தலை குனிந்தால் நிமிரமாட்டாள். ஒரு திங்கட்கிழமை காலை, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டுடியோ படி ஏறினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"இந்தத் தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்குது. நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? உக்காருங்கக்கா."

அவள் உறையிலிருந்து ஏழு புகைப்படங்களை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். துணியைப் பரப்பி வெட்டப் போகிறவளைப்போல ஓரம் ஓரமாகத் தட்டிச் சரிசெய்தாள். ஏழிலும் ஒரே பையன், அவள் மகன்.

தெருவுக்கே தெரிந்த கதைதான். பதினோரு வருடத்துக்கு முன், பதினைந்து வயதில், சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டான் என்று அப்பா நாலு பேர் முன்னால் ஏசினார். பையன் தூறலில் இறங்கிப் போனான். சாவியைத் தேடப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். சாவி மறுநாள் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. பையன் கிடைக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடமும் வெளிக்கதவைத் தாழிட ஒருவரையும் விடவில்லை.

"தேடுவோர் சங்கம்னு ஒண்ணு இருக்கு தம்பி. வருசத்துக்கு ரெண்டு தடவை நோட்டீஸ் போட்டு ஆதரவற்றோர் இல்லம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம்னு எல்லா இடத்துக்கும் அனுப்புறாங்க. அங்க இருக்கிற அம்மா சொல்றாங்க, பதினைஞ்சு வயசுப் படத்தை வச்சு யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்களாம். இப்ப எப்படி இருப்பான்னு ஒரு படம் வேணுமாம். உங்க மெஷின்ல வருமா?"

இப்படிக் கேட்கும்போது முடியாது என்று சொல்ல மனம் வரவேண்டுமே. அவருக்கு வரவில்லை.

"மெஷினுக்குள்ள இருக்கிற பெரிய மாடலுக்கு உலகத்துல உள்ள முகமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்க்கா. உங்க பையனைத் தெரியாது. நாமதான் சொல்லிக் கொடுக்கணும். இதுதான் அவன், இதுதான் அவன்னு படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, அவனுக்குன்னு ஒரு தனி மாடல் செய்யணும். அப்புறம், இவனை இருபத்தாறு வயசுல காட்டுன்னு கேக்கணும்."

"எத்தனை படம் வேணும்?"

"இருபதாவது இருந்தா நல்லது."

அவள் மேசையைப் பார்த்தாள். திரும்ப எண்ணினால் கூடிவிடுமோ என்பதுபோல மறுபடி எண்ணினாள். "இவ்வளவுதான் இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எடுத்திருக்கலாம்" என்றாள்.

அன்று மத்தியானமே அவர் வேலையைத் தொடங்கினார். ஏழு படங்களையும் ஸ்கேன் செய்து, முகம் நடுவில் வரும்படி சதுரமாக வெட்டினார். ஒன்றில் பையன் கண்ணை மூடியிருந்தான். ஒன்றில் யாரையோ பார்த்துத் திரும்பியிருந்தான். ஒன்று, வகுப்பு மொத்தமும் நிற்கிற படத்தில் பயறு அளவு முகம். சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்த படம்தான் பெரியது, தெளிவானது. ஆனால் எப்போதோ மழையில் நனைந்து பரப்பெல்லாம் வெடித்திருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பழைய படங்களைத் துப்புரவாக்கிய கை அவருடையது. தூசியையும் கீறலையும் மடிப்பையும் கண்டால் அவரைக் கேளாமலே அது அங்கே போய்விடும். ஒரு வெடிப்பு, சைக்கிள் கைப்பிடியில் புறப்பட்டுத் தோளைத் தாண்டிப் பையனின் இடது காது மடலில் போய் முடிந்தது. அதையும் அடைத்து, மடலை வழவழவென்று ஆக்கினார். எங்கே வெடிப்பு இருந்தது என்று அவருக்கே தெரியாதபடி வந்தது. சீட்டியடித்தபடி அடுத்த படத்துக்குப் போனார்.

ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டதையெல்லாம் அந்த ஆளோடு பிறந்தது என்று மாடல் எடுத்துக்கொள்ளும். முதல் முறை அவர் ஒன்றை எழுத மறந்தார். புதன்கிழமை அக்கா வந்து உட்கார்ந்தபோது திரையில் நாற்பது இளைஞர்கள் வந்தார்கள். தாடி வைத்தவன், மீசை வைத்தவன், தொப்பை விழுந்தவன் என்று நாற்பது பேர். அத்தனை பேர் கழுத்திலும் பள்ளிக்கூட டை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினோரு வருடத்தில் தெருவில் யாரும் பார்க்காத சிரிப்பு அது. "இவ்வளவு பெரியவனாகியும் பாஸாகலையா தம்பி" என்றாள்.

இரண்டாம் முறை டை போய்விட்டது. ஆனால் பையனும் போய்விட்டான். ஏழு படம் போதாமல், தெரியாத இடத்தையெல்லாம் மாடல் வேறு யாருடைய முகத்தையோ போட்டு நிரப்பியது.

"இது இல்ல. இது பேங்க்ல இருக்கிறவர் மாதிரி இருக்கு. இது இல்ல. இவன் பொய் சொல்லுவான். இது இல்ல." விரல் திரையில் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கடைசி வரிசையில் நின்றது. "இதுல கொஞ்சம் இருக்கான் தம்பி. இதோ, இதுலயும்."

அப்போதுதான் அவருக்கு அந்த வழி தோன்றியது. தொழிலில் இருக்கிறவர்கள் செய்வதுதான். நல்ல படம் போதாவிட்டால், மாடல் தந்ததிலேயே சரியாக வந்ததைப் பொறுக்கி, உண்மைப் படங்களோடு சேர்த்து மறுபடி பயிற்சி கொடுப்பார்கள். ஆனால் அப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் மாடல் ஆளை விட்டு விலகிவிடும் என்றும் அதே ஆட்கள் எழுதி வைத்திருந்தார்கள். அவர் அதையும் படித்தார். பக்கத்தில் ஒருத்தி திரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரக்கம் சில நேரம் கண்ணாடி போடாமல் நடக்கும்.

அக்கா பொறுக்கிய இரண்டையும் சேர்த்தார். ஏழு, ஒன்பதானது. அடுத்த முறை ஐந்து பொறுக்கினாள், பதினான்கானது. அதற்கடுத்து, கண் மூடிய படமும் திரும்பி நிற்கிற படமும் மாடலைக் குழப்புகின்றன என்று அவரே எடுத்துவிட்டார். மெஷின் ஓடும்போது அவள் எழுந்து போகமாட்டாள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்காவது பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பேசுவாள்.

"சாப்பாட்டுல ஒரு வம்பும் இல்ல அவன்கிட்ட. தக்காளித் தோல் மட்டும் இறங்காது. ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டு ஓரத்துல வைப்பான். அவங்கப்பா சொல்வாரு, பாத்திரம் கழுவுறவளுக்கு மாலை கட்டி வைக்கிறான்னு."

"என் வீட்டுல நான் அப்படி வச்சா தட்டே பறக்கும்."

"பறக்கட்டும். வீட்டுல இருக்கீங்கல்ல."

ஐந்தாம் முறை, இரண்டாவது வாரக் கடைசியில், மாடலுக்கு முன்னால் இருபத்திரண்டு படங்கள் இருந்தன. அதில் ஐந்து பையன். பதினேழு, ஒரு தாயின் ஆசை. ஆனால் அந்தக் கணக்கை அன்று யாரும் போடவில்லை. மூன்றாவது படம் திரையில் வந்ததும் அக்கா எழுந்து நின்றாள். மடியிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

"வந்துட்டான்" என்றாள்.

அகன்ற நெற்றி, நேரான மூக்கு, கொஞ்சம் கண்டிப்பான வாய். பார்த்தால் நம்பிக்கை வரும் முகம். அவருக்கும் கண் நிறைந்தது. இந்தத் தொழிலுக்கு வரக் கடவுள் இதற்காகத்தான் வழி காட்டினார் போல என்றுகூட நினைத்தார். அவர் படத்தில் இருந்த விரல்களை எண்ணிப் பார்த்தார். ஐந்தைந்து இருந்தன. காதுகளை எண்ணிப் பார்த்தார். இரண்டு இருந்தன.

படம் சங்கத்துக்குப் போனது. நோட்டீஸ் அச்சாகி ஊர் ஊராகப் போனது. ஒரு பிரதியை அக்கா தன் தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள். ஸ்டுடியோக்காரர் எதுவும் வாங்க மறுத்துவிட்டதால், அவருடைய கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சுருக்குக் கயிறு, அளவெடுத்த மூலை, மௌஸுக்குத் தனியாக ஒரு பை. "பொண்ணுக்குப் பாவாடை தச்ச மாதிரி இருக்கு" என்று அவர் மனைவி சொன்னாள். ஆனால் தினமும் அவளே அதைத் துவைத்து மாட்டினாள்.

மூன்று மாதம் ஒரு பதிலும் இல்லை.

அக்காவின் கொழுந்தனார் லாரி ஓட்டுகிறவர். தொலைதூர லோடு முடிந்து, வருடத்தில் இரண்டொரு முறைதான் அண்ணியைப் பார்க்க வருவார். அந்த முறை வந்தவர், லாரி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள நோட்டீஸ் வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு அண்ணியோடு வந்தார். கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"என்ன அண்ணி இது. பையனைத் தேடுறோம்னு சொன்னீங்க. அண்ணன் படத்தைப் போட்டிருக்கீங்க?"

"உங்க கண்ணுக்கு லாரி லைட்டைத்தான் மாட்டணும்" என்றாள் அக்கா. "இது அவன்."

"நான் அண்ணனோட ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவன் அண்ணி." அவர் பணப்பையைத் திறந்து, ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய அண்ணன், அக்காவின் கணவர், கல்யாணத்தின்போது எடுத்தது. அகன்ற நெற்றி. நேரான மூக்கு. கொஞ்சம் கண்டிப்பான வாய்.

மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அவருக்கு இருபத்தேழு வயசு" என்றாள் அக்கா, யாரிடமும் இல்லாமல்.

ஒவ்வொரு முறையும் அவள் பொறுக்கியது எதை என்று ஸ்டுடியோக்காரருக்கு அப்போது புரிந்தது. "கொஞ்சம் இருக்கான்" என்று அவள் சொன்ன ஒவ்வொன்றிலும் இருந்தது, அவள் கண் பல வருடம் பார்த்துப் பழகிய முகம். மாடல் அவள் கைகாட்டிய பக்கமெல்லாம் பணிவாக நடந்தது. அவர்தான் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே போனார்.

அவர் பழைய கோப்பைத் திறந்தார். துப்புரவு செய்யாத ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். சைக்கிள் படம் வந்தபோது அக்கா குனிந்தாள்.

"இதோ, காது" என்றாள்.

"அது படத்துல இருந்த வெடிப்புக்கா. நான் அதைச் சரி பண்ணி…"

"வெடிப்பு இல்ல தம்பி. ஏழு வயசுல முள்கம்பி வேலிக்குள்ள நுழைஞ்சான். மடல் ரெண்டாக் கிழிஞ்சுபோச்சு. ரத்தம் நிக்கல. அவர்தான் தூக்கிட்டு ஓடினாரு." திரும்பி மேசைமேல் கிடந்த நோட்டீஸைப் பார்த்தாள். வழவழவென்ற முழுக் காது. "நான் எப்படித் தம்பி பார்க்காம இருந்தேன்? தினம் எதிர்ல உக்காந்து பார்த்தேனே."

மற்ற ஆறு படத்திலும் அந்தக் காது மறைந்தோ மங்கியோ இருந்தது. உலகத்தில் அந்தப் பையனுக்கு இருந்த ஒரே அடையாளம் ஒரே ஒரு படத்தில் இருந்தது. அதை அவர் சீட்டியடித்துக்கொண்டே அழித்திருந்தார்.

"என்னை ஏசுங்கக்கா" என்றார்.

"எதுக்கு? நீங்க சுத்தம் பண்ணினீங்க. நான் கண்ணைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்." அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "ஏசித்தான் அவனை அனுப்பினோம். இனி யாரையும் ஏசுறதா இல்ல."

அன்று மாலையே சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அடுத்த நோட்டீஸுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தாலும், சங்கத்து அம்மா நல்லவர். 'முன்பு அனுப்பிய படம் தவறு, இடது காது மடலில் பழைய பிளவு' என்று தன் கையிலிருந்த எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. அரைநாள் ரயில் பயணத் தொலைவில் ஓர் இல்லம். காப்பாளர் பேசினார். அப்படிப்பட்ட காது உள்ள ஒருவர் அங்கே ஐந்து மாதம் இருந்தாராம். 'இருந்தார்' என்றுதான் சொன்னார், 'இருக்கிறார்' என்றல்ல.

கொழுந்தனார் லோடு ஏற்றிப் போய்விட்டார். ஸ்டுடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு அக்காவோடு கிளம்பினார். மனைவி இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அன்று கேலி செய்யவில்லை.

குளிர் தொடங்கியிருந்தது. இல்லம், பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்துக் கட்டியது. நீள அறையில் இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் காலிலும் பெயர் எழுதிய துணிப்பட்டை. சிலவற்றில் பெயருக்குப் பதில் ஒரு கோடு. காப்பாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பெயர் என்ற இடத்தில் 'சொல்லவில்லை'. வயது 'இருபத்தைந்து இருக்கலாம்'. அடையாளம் என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், 'இடது காது மடல் பிளந்து ஆறியது'.

"உங்க நோட்டீஸ் வந்தப்ப அவர் பக்கத்துல வச்சுப் பார்த்தேன்மா" என்றார் காப்பாளர். குற்றவாளி மாதிரிப் பேசினார். "ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் பார்த்தேன். வயசு ஒத்து வந்துச்சு. முகம் வரல. படத்துல காது முழுசா இருந்துச்சு. அதான் வேற யாரோன்னு விட்டுட்டேன்."

"எப்பப் போனார்?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார்.

"இருபத்து மூணு நாள் ஆச்சு. பூட்டி வைக்க எங்களுக்கு உரிமை இல்ல சார். எங்கன்னு சொல்லல. எங்க யாருக்கும் தெரியல."

"போட்டோ எதுவும்?"

"கேமராவைக் கண்டா எழுந்து போயிடுவாரு."

ஸ்டுடியோக்காரர் பையிலிருந்து சைக்கிள் படத்தின் மூலத்தை எடுத்து நீட்டினார். வெடிப்புகளோடு இருந்தது, அடைக்காத காதோடு. காப்பாளர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "இதை அனுப்பியிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றார். பதினைந்து வயதுப் படம்தான். அதுவே போதுமாயிருந்தது.

ஸ்டுடியோக்காரர் அருகிலிருந்த வெறும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தேதிகளைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். மனம் கேட்கவில்லை. நோட்டீஸ் இங்கே வந்து சேர்ந்த அன்று அவன் இந்த அறையில்தான் இருந்தான். அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தான்.

உள்ளேயிருந்து சமையல்கார அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தடித்த உடம்பு, உரத்த குரல். அக்காவைப் பார்த்ததும் அந்தக் குரல் நின்றுவிட்டது.

"நீங்கதானா அம்மா?" என்றார். "யாரும் சொல்லவே வேண்டாம். அப்படியே உங்க முகம். உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அதே மாதிரிதான் நிப்பாரு."

அக்கா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

ஸ்டுடியோக்காரர் தலையைத் தூக்கவில்லை. இரண்டு வாரம் அந்த முகம் அவருக்கு இரண்டு அடி தூரத்தில், மின்விசிறிக்கு அடியில், காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை அதைப் படம் பிடிக்க அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கும்தான். தன் முகம் யாரிடமாவது போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்குமே இல்லை.

"நல்லாச் சாப்பிடுவானா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு குறையும் சொல்ல மாட்டாரு. தக்காளித் தோல் மட்டும் ஆகாது. தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வைப்பாரு. இது என்ன சாமி, எனக்குக் கடிதம் எழுதி வைக்கிறியான்னு கேப்பேன். சிரிப்பாரு. பேச்சுதான் கிடையாது."

சமையல்கார அம்மா அக்காவின் முதுகில் கை வைத்து உட்காரவைத்தார். தொலைவில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்.

"போற அன்னைக்கு என்ன போட்டிருந்தான்?"

"பழுப்புக் கோட்டு ஒண்ணு, யாரோ குடுத்தது. மேல் பட்டன் இல்லாம கழுத்தைத் திறந்து போட்டுக்கிட்டு நடப்பாரு. வாசல் வரைக்கும் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தி, நான்தான் ஒரு பட்டன் வச்சுத் தச்சேன். கோட்டைக் கழற்ற மாட்டேன்னுட்டாரு. போட்டிருக்கும்போதே தச்சேன்."

அக்கா நிமிர்ந்தாள். அந்த நாளில் முதல் முறையாக அவள் குரலில் பிடிப்பு வந்தது. "எத்தனை துளைப் பட்டன்?"

"நாலு துளை."

"நூல் ஒத்தையா, ரெட்டையா?"

"ரெட்டை நூல்தான்மா."

"அடியில தண்டு மாதிரி நூலைச் சுத்தினீங்களா? கோட்டுத் துணி தடிப்பா இருக்கும். சுத்தாம தச்சா நாலு நாள்ல அறுந்துடும்."

"சுத்தினேன். மூணு சுத்து. பின்னால முடிச்சும் போட்டேன். நூலைப் பல்லால கடிச்சு எடுக்கும்போது என் நெத்தி அவர் தாடையில இடிச்சுது. அப்பவும் சிரிச்சாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "மூணு சுத்துன்னா நிக்கும்" என்றாள். "இந்தக் குளிர் முழுக்க நிக்கும்."

கடவுளின் வழி இன்னது என்று சொல்ல நமக்கு என்ன தெரியும். இத்தனை பெரிய உலகத்தில், ஆயிரம் முகங்களை நொடியில் வரைகிற மெஷினாலும் இரண்டு நல்ல மனிதர்களாலும் அந்தப் பிள்ளையைத் தாயிடம் சேர்க்க முடியவில்லை. அவன் கழுத்தில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு சமையல்காரியால் முடிந்தது. அது போதாது. அந்தத் தாய்க்கு அன்று கிடைத்தது அதுதான்.

சுவரில் பழைய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஸ்டுடியோக்காரர் எழுந்துபோய் அதைப் பிய்த்தார். கசக்கப் போனார்.

"அவரை எங்கிட்ட குடுங்க தம்பி" என்றாள் அக்கா. வாங்கி, முகத்தில் மடிப்பு விழாமல் நாலாக மடித்து, பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அக்கா கட்டில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒருவரின் சட்டைக் கை தையல் விட்டிருந்தது. ஒருவருக்குக் காலர் தொங்கியது. பையிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்தாள். "அந்தச் சட்டையைக் கழற்றுங்கண்ணே" என்றாள். அவர் முழித்தார். சமையல்கார அம்மா அதட்டிக் கழற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்தில் துணி குவிந்துவிட்டது.

ஸ்டுடியோக்காரருக்குத் தைக்கத் தெரியாது. நுணுக்கமான வேலைக்குப் பழகிய கண் இருந்தது. அவர் ஊசி கோத்துக் கொடுத்தார். நாலைந்து ஊசி கோத்து வைத்த பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா? நோட்டீஸ்ல சைக்கிள் படத்துக்குப் பக்கத்துல போடலாம். அம்மா ஜாடைன்னு."

அவள் யோசித்தாள். கையால் தலையைத் தடவினாள். "முடி கலைஞ்சிருக்கு. அழுத முகம் வேற. அப்புறம் அதையெல்லாம் சரி பண்ணிடுவீங்கல்ல?"

"இல்லக்கா. எதையும் சரி பண்ண மாட்டேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் அவர் படம் எடுத்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பிய்ந்துபோன பையில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் படம் எங்கே போகும், யார் கண்ணில் படும், அப்போது அவன் எந்த ஊரில் இருப்பான் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. போனை வைத்துவிட்டு அடுத்த ஊசியை எடுத்தார். நூல் இரண்டு முறை தவறியது.

"ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்று காப்பாளர் வந்து சொன்னார்.

"இன்னும் ரெண்டு சட்டைதான்" என்றாள் அக்கா. "யார் வீட்டுப் பிள்ளைங்களோ."